நாரியில் ஒன்றுமில்லை

புளியங்கூடல் வசீகரன் ஓட்டும் பஸ் என்றால் படகு தவறாது என்று சனம் சொல்லும். யாழ்ப்பாணத்தில் இருந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை போகும் அரச பஸ்ஸின் சாரதி அவன். நயினாதீவுக்குப் போகிறவர்களும் நெடுந்தீவுக்குப் போகிறவர்களும் அங்கேதான் படகு ஏற வேண்டும். பதினைந்து வருடத்துக்கு மேல் அந்த வழியில் ஓடியதில் குண்டு குழி எல்லாம் அவனுக்கு மனப்பாடம். கோபக்காரன் இல்லை, குடிகாரன் இல்லை, வேகக்காரனும் இல்லை. ஓட்டும்போது பழைய பாட்டொன்றை முணுமுணுப்பான், அவ்வளவுதான் அவனிடம் இருந்த கெட்ட பழக்கம்.

அந்த வருடம் தை பிறந்ததில் இருந்து அவனுக்கு நித்திரை சரியில்லை. பாட்டு நின்றுவிட்டதை முதலில் கவனித்தவர் கொண்டக்டர் பஸ்ரியாம்பிள்ளை. அவனோடு பல வருடம் ஒரே பஸ்ஸில் ஓடிய மூத்த மனிதர். "என்ன தம்பி, தொண்டை கட்டிப்போச்சோ?" என்று கேட்டார். "ஓம் அண்ணை" என்று சொல்லிச் சமாளித்தான்.

நயினாதீவுக் கோயில் திருவிழா தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை அது நடந்தது. பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. அர்ச்சனைத் தட்டும் கைக்குழந்தையுமாகச் சனம் நெரிபட்டது. வேலணை தாண்டி, கடலை ஊடறுத்துப் புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதியில் பஸ் ஏறியது. ஒடுங்கிய தெரு. இரண்டு பக்கமும் வெயிலில் மினுங்கும் தண்ணீர். ஆயிரம் தடவை ஓடிய இடம்.

எதிரே வந்த வான் வண்டிக்கு ஒதுங்கிக் கொடுத்தபோது வசீகரனுக்கு ஒரு நினைப்பு வந்தது. இந்தக் கைகள் இப்போது தாமாகவே ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால்?

அவ்வளவுதான். நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. விரல்கள் விறைத்தன. தன் கைகளைப் பார்த்தான். அவை வேறு யாருடைய கைகளோ போல இருந்தன. முதுகுக்குப் பின்னால் குழந்தையொன்று சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை. தாம்போதியின் நட்டநடுவில் பஸ்ஸை நிறுத்தி, எஞ்சினையும் நூர்த்து, திறப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"என்ன தம்பி, ரயர் காத்துப் போட்டுதோ?" பஸ்ரியாம்பிள்ளை சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"நெஞ்சு நோகுது அண்ணை. என்னால ஏலாது."

அவனுடைய முகத்தைப் பார்த்தவர் உடனே தெருவில் இறங்கினார். பின்னால் வந்த தனியார் பஸ்ஸை மறித்து ஏலுமான சனத்தை ஏற்றிவிட்டார். மிச்சப்பேர் வெயிலில் நின்று படகு போகப்போகிறதென்று புறுபுறுத்தார்கள். வசீகரனை ஓட்டோ ஒன்றில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

நெஞ்சிலும் கையிலும் காலிலும் வயர் பூட்டி இதயத்தைப் பார்த்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். மறுநாள் காலை இளம் டொக்டர் ஒருவர் வந்து, "இருதயத்தில ஒரு பிழையும் இல்லை. சந்தோசமா வீட்டை போகலாம்" என்றார். நல்ல செய்திதான். ஆனால் வசீகரனுக்குக் களவெடுத்துப் பிடிபட்டவனைப் போல முகம் சுருங்கியது. ஒரு பிழையும் இல்லாதவன் எதற்காக அத்தனை சனத்தையும் கடல் நடுவே இறக்கிவிட்டான்?

வீட்டுக்கு வந்தவன் படுத்தான். சாப்பாடு மண் போல இருந்தது. தாடி வளர்ந்தது. மனைவி பிரியவதனி பக்கத்து ஊர் முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். காலையில் அவள் போகும்போது எப்படிக் கிடந்தானோ, மத்தியானம் வரும்போதும் அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். சண்டைக் காலத்தில் செல்லடிக்குள் சைக்கிள் ஓடித் திரிந்தவன். அப்போது வராத பயம் ஏன் இப்போது வருகிறதென்று தனக்குள்ளேயே காரணம் தேடிக் களைத்தான். ஸ்டியரிங் நினைப்பை மட்டும் அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பிள்ளைகளையும் இனித் தன்னோடு தனியாக விடமாட்டாள் என்று பயந்தான்.

லீவு எடுக்க மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். சனம் அதை 'மெடிக்கல்' என்றுதான் சொல்லும். மனசு சரியில்லை என்று மெடிக்கல் போட்டால் லைசென்ஸ் போய்விடும், வேலை போய்விடும், பிள்ளைகளுக்கு 'விசரன்ர பிள்ளையள்' என்ற பேரும் வந்துவிடும் என்று அவன் கணக்குப் போட்டான். அறிந்த ஒருவர் வழி சொன்னார். பட்டினத்தில் ஒரு டொக்டர் இருக்கிறார், கேட்டதை எழுதித் தருவார், றைவர்மாருக்கு நாரிப்பிடிப்பு என்று எழுதினால் ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டினம். அப்படியே நடந்தது. இடுப்பின் கீழ்ப்பகுதியில் கடும் பிடிப்பு, ஓய்வு தேவை என்று எழுதிய சான்றிதழை பஸ்ரியாம்பிள்ளையே டிப்போவில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இல்லாத நாரிப்பிடிப்பைக் காப்பாற்றுவது இலேசான வேலை இல்லை. படலையைத் தாண்டும்போதெல்லாம் இடுப்பில் கையை ஊன்றி, ஒரு காலை இழுத்து நடக்க வேண்டி வந்தது. கதை பரவியதும் சனம் தைலப் போத்தலோடு வந்தது. ஒருவர் நல்லெண்ணெய் கொண்டுவந்தார். இன்னொருவர் வலுக்கட்டாயமாக மோட்டார்சைக்கிளில் ஏற்றி, எலும்பு முறிவு பார்க்கும் பரியாரி ஒருவரிடம் கொண்டுபோனார். பரியாரி குப்புறப் படுக்கவிட்டு முழங்காலால் அமத்தினார். அன்றைக்குத்தான் வசீகரனுக்கு உண்மையாகவே நாரி நொந்தது.

ஒருநாள் சங்கக்கடையில் மா வாங்கிக்கொண்டு திரும்பியபோது அயல்வீட்டு மனுசி வழியில் மறித்தாள். "என்ன வசி, முந்தநாள் இடக்காலை எல்லே இழுத்தனீ? இப்ப வலப்பக்கத்துக்கு மாறிட்டுதோ?"

அவள் பகிடியாகத்தான் கேட்டாள். வசீகரன் மாப் பையை மற்றக் கைக்கு மாற்றினான். "ரெண்டு பக்கமும்தான் அக்கா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனவன், அதற்குப் பிறகு படலைக்கு வெளியே வரவேயில்லை. முதலில் பஸ் ஓட ஏலாதிருந்தது. இப்போது தெருவுக்குப் போகவும் ஏலாது. யாராவது படலையைத் தட்டினால் அறைக்குள் ஒளிந்தான். போன் அடித்தால் தலையணைக்குக் கீழே தள்ளினான்.

லீவு நீண்டுகொண்டு போனதும் டிப்போவில் இருந்து அறிவித்தல் வந்தது. மருத்துவ சபைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். லீவு தொடர்வதா, எவ்வளவு சம்பளத்தோடு, வேலைக்குத் தகுதியா என்பதை எல்லாம் அவர்கள்தான் முடிவு செய்வார்கள். நாரியை எக்ஸ்றே எடுத்துக்கொண்டு வரும்படியும் சொல்லியிருந்தது.

பிரியவதனியோடு ஓட்டோவில் ஊர்காவற்றுறைக்குப் போய் எக்ஸ்றே எடுத்தான். எலும்பெல்லாம் எண்ணெய் பூசினது மாதிரி இருக்குது, ஒரு பழுதுமில்லையென்று எடுத்தவன் சொன்னான்.

"பொய் மெடிக்கல் எண்டு பிடிச்சால் வேலையால நிப்பாட்டிப் போடுவாங்கள். பென்சனும் இல்லை" என்றான் வசீகரன். கோப்பையில் இருந்த சோறு அப்படியே கிடந்தது.

"அப்ப உண்மையைச் சொல்லுங்கோவன்" என்றாள் பிரியவதனி.

"சொன்னால் பஸ் தரமாட்டினம்."

"இப்ப என்ன, பஸ்ஸோ ஓடிக்கொண்டிருக்கிறியள்?"

அவனுக்குக் கோபம் வந்தது. கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினான்.

சபைக்குப் போகும் நாளில் பிரியவதனியும் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தாள். பட்டினத்துக்குப் போக எப்படியும் பண்ணைத் தாம்போதியைக் கடந்தாக வேண்டும். அது அகலமான தெரு, ஆனாலும் கடல் கடல்தான். வசீகரன் கண்ணை மூடிக்கொண்டு மனைவியின் கைப்பையை இறுகப் பிடித்திருந்தான். இறங்கியபோது பையின் பிடி ஈரமாகி இருந்தது.

மேசைக்குப் பின்னால் மூன்று டொக்டர்மார். நடுவில் இருந்தவருக்குத் தலை நரைத்திருந்தது. எக்ஸ்றேயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எழும்பி நில்லும். முன்னுக்குக் குனியும் பாப்பம்."

எப்படிக் குனிவது, எங்கே நிற்பாட்டி எப்படி முனகுவது என்று வசீகரன் ஒரு கிழமையாக வீட்டில் பழகியிருந்தான். ஆனால் அந்த நேரம் பதட்டத்தில் எல்லாம் மறந்துபோனது. பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் குனி என்றால் குனிகிற பிள்ளை மாதிரி மடங்கிக் குனிந்து, இரண்டு கையாலும் கால் பெருவிரலைத் தொட்டுவிட்டான். தொட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. நிமிரப் பயமாக இருந்தது. அப்படியே நின்றான்.

மேசைக்குக் கீழே டொக்டர்மாரின் சப்பாத்துகள் தெரிந்தன.

"நிமிரும்" என்றார் நரைத்த தலை.

நிமிர்ந்தபோது வசீகரனின் கண்ணில் இருந்து தண்ணீர் ஓடியது. "நாரியில ஒண்டுமில்லை ஐயா" என்றான். "எனக்குப் பயம். ஓடப் பயம். தெருவுக்குப் போகப் பயம். விடிஞ்சால் பயமாக் கிடக்கு. ஏனெண்டு தெரியேல்லை."

ஓரத்தில் இருந்த டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இவ்வளவு நாளும் தந்த மெடிக்கல் பொய்யோ?"

"ஓம் சேர்."

"இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன? பயம் எண்டாலும் லீவு லீவுதான். மனசில வாறதும் வருத்தந்தான், அதுக்கும் மெடிக்கல் எழுதலாம்." நரைத்தவர் சத்தம் போடவில்லை. களைத்த குரலில் சொன்னார். பிறகு நீண்ட நேரம் எழுதினார்.

பொய் சொன்னதற்கு விலை இருந்தது. நாரிப்பிடிப்பென்று எடுத்த நாட்கள் சம்பளமில்லாத லீவாக மாறின. டிப்போவில் விளக்கம் கேட்டு எச்சரித்தார்கள். பிரியவதனியின் சங்கிலி அடகுக்குப் போனது. ஆனால் வேலை போகவில்லை. மனநலப் பிரிவில் காட்டி, அங்கிருந்து புதுச் சான்றிதழ் கொண்டுவந்தால் அரைச் சம்பளத்தோடு லீவு தொடரலாம், டொக்டர் சொல்லும் வரை பஸ் ஓடக்கூடாது என்பதுதான் சபையின் முடிவு.

மனநலப் பிரிவின் நீண்ட மர வாங்கில் முதல்தரம் இருந்தபோது வசீகரன் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தான். எதிர் வாங்கில் வேலணையைச் சேர்ந்த ஒரு மாஸ்டர் இருந்தார். அடிக்கடி அவனுடைய பஸ்ஸில் போகிறவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள், கண்டதும் இரண்டு பேரும் சுவரில் இருந்த டெங்கு விளம்பரத்தைக் கவனமாக வாசித்தார்கள்.

பெண் டொக்டர் ஒருவர் ஆறுதலாகக் கேட்டார். நித்திரை, சாப்பாடு, சாகவேண்டும் என்ற எண்ணம் வருவதுண்டோ, எல்லாம் கேட்டார். "மனச்சோர்வும் பதகளிப்பும். ரெண்டும் சேர்ந்து வந்திருக்கு" என்றார். பதகளிப்பு! ஊரில் எல்லாரும் சொல்லும் சொல். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரப் பிந்தினால் தாய்க்கு வருவது. அது ஒரு வருத்தத்தின் பெயராகவும் இருக்குமென்று வசீகரன் நினைத்ததில்லை. மாத்திரை எழுதினார். உடனே கேட்காது, கிழமைக்கணக்கில் செல்லும், பொறுக்க வேண்டும், நீங்களாக நிற்பாட்டக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார்.

பக்கத்து அறையில் இருந்தவர் உளவளத்துணையாளர் ஜசிந்தா. ஐம்பது வயதிருக்கும். மூன்றாம் முறை போனபோதுதான் வசீகரன் அவரிடம் கைகளைப் பற்றி வாய் திறந்தான். சொல்லச் சொல்லக் கதவையே பார்த்தான், யாராவது வந்து பிடித்து வார்ட்டில் அடைத்துவிடுவார்களோ என்று.

"பஸ்ஸைக் கடலுக்குள்ள விடவேணும் எண்டு ஆசையா வந்ததோ?" என்று கேட்டார் ஜசிந்தா.

"ஐயோ, இல்லை அக்கா! விட்டிடுவனோ எண்டு பயம். பின்னால குழந்தை எல்லே இருந்தது."

"அதுதான். பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணத்தடியில நிக்கிற தாய்க்கும் போட்டிடுவனோ எண்டு ஒரு நினைப்பு வந்து போகும். கனபேருக்கு வாறது. வெளியில சொல்லமாட்டினம். நீங்கள் அந்த நினைப்போட மல்லுக்கட்டி மல்லுக்கட்டியே களைச்சுப் போனியள்."

வசீகரன் மேசையில் தலையை வைத்து அழுதான்.

அன்று பின்னேரம் முதன்முதலாக அதைப் பிரியவதனியிடமும் சொன்னான். அவள் மடித்துக்கொண்டிருந்த உடுப்பை எல்லாம் மடித்து முடித்தாள். பிறகு, "மூத்தவளுக்குத் தலைமுடி வெட்டவேணும். நாளைக்கு நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். கூட்டிக்கொண்டு போனான்.

மழைக்காலம் முடிந்து வேலைக்குத் திரும்பும் நேரம் வந்தது. பஸ் ஓடக்கூடாது, இலேசான வேலை கொடுக்கலாம், முதலில் கிழமைக்கு மூன்று நாள், அரைநாள் மட்டும் என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்த கிறிஸ்தோப்பரின் சின்னக் கண்ணாடிக் கூட்டுக்குள் அவனுக்கு ஒரு கதிரை போட்டார்கள். பஸ் வருவதையும் போவதையும் பதிய வேண்டும், ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும்.

முதல்நாள் காலை பஸ்ரியாம்பிள்ளையின் பஸ்ஸில், இறங்குகிற வாசலுக்குப் பக்கத்தில் நின்றபடி பண்ணைத் தாம்போதியைக் கடந்தான். "வசிக்கு நாரியிலை இல்லையாம், தலையிலையாம்" என்று யாரோ பின்சீற்றில் சொன்னது காதில் விழுந்தது. பஸ்ரியாம்பிள்ளைக்கும் விழுந்திருக்க வேண்டும். "ரிக்கற் எடுக்காத ஆக்கள் எடுங்கோ!" என்று தேவையில்லாமல் பெரிதாகக் கத்தினார்.

ஒலிபெருக்கியின் மைக்கைப் பிடித்ததும் குரல் நடுங்கியது. காரைநகர் பஸ்ஸை ஊர்காவற்றுறை பஸ் என்று அறிவித்துவிட்டான். சனம் பையும் பொதியுமாக ஓடிப்போய் ஏறி, திட்டிக்கொண்டு இறங்கியது. யாரோ கூட்டுக்குள் எட்டிப் பார்த்து, "உனக்கென்ன விசரோ?" என்று கேட்டார்கள். வழக்கமாக எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். வசீகரன் மைக்கை வைத்துவிட்டு எழும்பி நடந்து, யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் போகவில்லை. அதற்கு அடுத்த முறையும் போகவில்லை. பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்தான்.

பிரியவதனி ஜசிந்தாவுக்குப் போன் எடுத்தாள். போனை வாங்கியவனிடம் ஜசிந்தா, "அரைநாள் வேண்டாம். ஒரு மணித்தியாலம் இருந்திட்டு வாங்கோ. மைக்கைத் தொடவேண்டாம். கிறிஸ்தோப்பரோட நான் கதைக்கிறன்" என்றார்.

"எல்லாருக்கும் கரைச்சல் குடுக்கிறன் அக்கா."

"குடுங்கோ. பிறகு பாப்பம்."

கிறிஸ்தோப்பர் அதிகம் கதைக்காத மனிதர். வசீகரன் திரும்பி வந்தபோது, ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கதிரையைத் துடைத்துவிட்டு, "இரும். பிளேன்ரீ குடிப்பம்" என்றார். ஒரு மணித்தியாலம் இரண்டாகி, இரண்டு அரைநாளாகியது. இடையில் வராமல் விட்ட நாட்களும் உண்டு. நெஞ்சு இடித்து மலசலகூடத்துக்குள் போய் நின்ற நாட்களும் உண்டு. மாத்திரை வாயை உலர்த்தியது, உடம்பைக் கொஞ்சம் ஊத வைத்தது. ஆனால் ஒருநாள் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிழ்த்தபோது கத்தரிக்காய்க் குழம்பின் வாசம் மூக்கில் ஏறியது. வாசம் என்ற ஒன்றையே மறந்து போயிருந்தவன் அதை மணந்துகொண்டே இருந்தான்.

அடுத்த வைகாசியில் டொக்டர் மாத்திரையைக் குறைத்து, டிப்போ வளவுக்குள் மட்டும் ஓடலாம் என்றார். கழுவுகிற இடத்துக்கும் டீசல் அடிக்கிற இடத்துக்கும் வெறும் பஸ்ஸைக் கொண்டுபோய் விடுவதுதான் வேலை. கடலும் இல்லை, சனமும் இல்லை. இருந்தும் முதல்தரம் சீற்றில் ஏறியபோது சேட் வேர்வையில் நனைந்துவிட்டது. அந்தப் பழைய நினைப்பு வந்தது. வரட்டும் என்று இருந்தான். அது போகவில்லை. நினைப்பு இருக்க இருக்கவே கியரைப் போட்டான்.

பிறகு தெருவில் ஓடவிட்டுப் பரீட்சித்தார்கள். சபை மீண்டும் பார்த்தது. ஊர்காவற்றுறை வழியில் முதல் சில வாரம் இன்னொரு சாரதி பக்கத்தில் இருக்க ஓடினான். அதன் பிறகு தனியே விட்டார்கள். குறிகட்டுவான் வழியை அவன் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறான், அன்றைக்கு எங்கே போகிறாய் என்று யாரும் கேட்டால் கிளினிக்குக்கு என்று சொல்கிறான். எந்தக் கிளினிக் என்று கேட்டால் சில நேரம் சொல்வான், சில நேரம் சொல்லமாட்டான்.

போன மாதம் ஒரு காலை, ஊர்காவற்றுறையில் பஸ்ஸை எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்க முடியவில்லை. காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தது. கொண்டக்டரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, சீற்றில் இருந்தபடி மூச்சை மெல்ல இழுத்து விட்டான். சனம் மணிக்கூட்டைப் பார்த்தது. கடைசியில் பஸ் வெளிக்கிட்டபோது நன்றாகப் பிந்திவிட்டது.

கரம்பொன் சந்தியில் மரக்கறிக் கூடையோடு ஒரு வயதான மனுசி நின்றாள். சந்தையில் விற்பதற்குப் போகிறவள். பஸ் நின்றதும் ஏறாமல், சாரதியின் யன்னலுக்குக் கீழே வந்து நின்று தொடங்கினாள்.

"எங்கையடா நிண்டனீ இவ்வளவு நேரமும்? படுத்துக் கிடந்தனியோ? கீரை எல்லாம் வாடிப்போச்சு. அரசாங்கம் சம்பளம் தருகுதெண்டு உங்களுக்கெல்லாம் கொழுப்பு!"

சனம் சிரித்தது. வசீகரனின் கை இன்னும் ஸ்டியரிங்கில் வேர்த்துக்கொண்டிருந்தது. அவனைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பிந்தி வந்த ஒரு பஸ்காரனை ஏசுகிறாள், அவ்வளவுதான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒருத்தர் அவனைப் பாவம் பார்க்காமல், பயப்படாமல், வாய் நிறைய ஏசினார்.

"பிழைதான் ஆச்சி. கூடையைத் தாங்கோ, ஏறுங்கோ" என்றான்.

ஏறிய பிறகும் அவள் விடவில்லை. புளியங்கூடல் தாண்டும் வரை ஏசிக்கொண்டே வந்தாள்.